யாரைக் கேட்டுக் கோடு கிழித்தார்கள்?

மாகாண எல்லையை மாற்ற ஜனங்களுடைய சம்மதம் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதுதான் இந்திய அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவு. மாகாணச் சட்டசபையின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டுமாம். ஆனால் அதன்படி நடக்கவேண்டியதில்லையாம்! இந்தக் கேள்வியின் யோக்கியதைக்குப் பம்பாய் சங்கதி ஒன்றே போதும்.

1956-ல் மகாராஷ்டிரம், குஜராத், டில்லியின் நேர் ஆட்சியில் பம்பாய் நகரம் என்று மூன்றாக்கும் மசோதாவைக் காட்டி, பம்பாய் சட்டசபையின் அபிப்பிராயம் கேட்டார்கள். பிறகு பார்லிமெண்டில் மசோதாவையே மாற்றி, எல்லாவற்றையும் ஒரே மாகாணமாகக் கட்டிவிட்டார்கள். இது செல்லுமா என்று வழக்கு வந்தபோது, செல்லும், மறுபடியும் கேட்கவேண்டியதில்லை என்று 1959-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளையைக் காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டு, மணையில் வேறொருவனை உட்காரவைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

அப்படிச் செல்லுபடியான மாகாணம் நிலைத்ததா? கிளர்ச்சியும் துப்பாக்கிச் சூடும் உயிர்ச்சேதமும் கண்டபின், 1960 மே 1-ல் மகாராஷ்டிரம், குஜராத் என்று இரண்டாயிற்று. கோர்ட்டில் ஜெயித்தது ஜனங்களிடம் தோற்றது.

ஆனால் 3-வது பிரிவு மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது. வேதத்தைத் தொடாதே என்பவனும் சட்டத்தைத் தொடாதே என்பவனும் ஒரே ஜாதிதான். மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். எல்லை மாறும் ஊராரின் ஓட்டைக் கேட்காமல் கோடு கிழிக்கக்கூடாது என்று அதைத் திருத்துங்கள் என்கிறோம்.