வழக்கு நடத்தவும் பணம் கேட்கலாம்

விவாகரத்து வழக்கின் சம்மன் வந்த வாரத்திலேயே காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைக்கிற பெண்கள் மயிலம், ஒலக்கூர் பக்கத்தில் இன்றும் உண்டு. வக்கீல் ஃபீஸ், நகல் செலவு, வாய்தாவுக்கு வாய்தா திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பஸ் காசு, அன்றைக்குப் போன கூலி. எல்லாம் தன் தலையில்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 24-வது பிரிவில் இரண்டு தொகைகளைச் சொல்கிறது. வழக்கு முடியும்வரை மாதாமாதம் தரவேண்டிய இடைக்கால ஜீவனாம்சம் ஒன்று; வழக்கு நடத்துவதற்கான செலவு இன்னொன்று. ஜீவனாம்சம் ஊருக்கே தெரியும். வழக்குச் செலவையோ மனுவின் கடைசியில் ஒப்புக்கு ஒரு வரியாக எழுதி விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமை அதில்தான். விவரமே இல்லாமல் கேட்டால் நீதிமன்றம் ஏதோ ஒரு தொகையைப் போட்டு முடித்துவிடும். வக்கீல் ஃபீஸ் எவ்வளவு, ஒரு தடவை வந்து போக எவ்வளவு, கைக்குழந்தை இருந்தால் துணைக்கு வருகிறவருக்கு எவ்வளவு என்று கணக்காக எழுதிக் கொடுக்க வேண்டும்.

தோற்றவர் ஜெயித்தவருக்குக் கட்டும் செலவுத்தொகை வேறு, இது வேறு. அது தீர்ப்போடு வருவது. இதை வழக்கு நடக்கும்போதே கேட்கலாம். யார் பக்கம் நியாயம் என்ற கேள்வி இங்கே முதலில் எழுவதில்லை. ஒருவர் சென்னையில் மாதச் சம்பளக்காரர், மற்றவர் கையில் காசில்லை என்றால் இரண்டு பேர் சொல்வதையும் நீதிமன்றம் சமமாகக் கேட்க முடியாது. அதற்காகத்தான் இந்தப் பிரிவு. வழக்குப் போட்டது கணவனாக இருந்தாலும் மனைவி கேட்கலாம். வருமானம் இல்லாத கணவனும் கேட்கலாம். ஆனால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில், 36-வது பிரிவின்படி, மனைவிக்கு மட்டுமே இந்த உரிமை.

'நீ வேலைக்குப் போகிறாய், உனக்குக் கிடைக்காது' என்று பயமுறுத்துவார்கள். வருமானம் போதுமானதா என்பதே கேள்வி. ஜவுளிக்கடைச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் கொடுத்து வக்கீலுக்கும் கொடுக்க முடியுமா? சம்பளத்தை மறைக்கிற கணவன்மாருக்கும் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வழி அடைத்தது: இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் முழுவதையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும்.

நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இந்த மனுவை முடிந்தவரை முடிக்கச் சொல்கிறது 2001-இல் வந்த திருத்தம். 'முடிந்தவரை' என்ற சொல்லில்தான் மாதங்கள் ஓடுகின்றன. அதனால் முதல் வாய்தாவிலேயே மனுவைப் போட்டுவிடுவது நல்லது. உத்தரவு வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு இலவச சட்ட உதவி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண் என்றால் வருமானம் பார்க்காமல் வக்கீல் தருவார்கள். திண்டிவனத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவிலும், விழுப்புரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

உத்தரவு போட்டும் கணவன் கட்டாவிட்டால்? வசூலிக்க நிறைவேற்று மனு போடலாம். விவாகரத்து கேட்டு வந்தவரே அவர் என்றால், பணம் கட்டும்வரை அவர் வழக்கை நிறுத்திவைக்கும்படியும் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.