கூப்பிட்டால் வராத விளக்கு

சென்ற மாதம் மாம்பலத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கியிருந்தேன். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போதே ஒன்றைக் கவனித்தேன். அக்காவின் மாமியார் ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டார். மோர் வேண்டாமாம். இலைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரும் வைத்தபடியே இருந்தது. "என்ன அத்தை, மோர்கூடவா வேண்டாம்?" என்று கேட்டேன். "வயிறு நிறைந்துவிட்டதடி" என்றார்.

இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அக்கா கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து அத்தையைச் சற்று வற்புறுத்திக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"தண்ணீர் குடித்தால் ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. எழுந்தால் நடையிலே அந்த விளக்கு எரியுமோ எரியாதோ! இருட்டில் நின்றுகொண்டு கையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை ஆசையாக வாங்கி மாட்டியிருக்கிறான். அவனிடம் போய்க் குறை சொல்லுவானேன்?"

எனக்குச் சுரீரென்றது. எழுபத்தெட்டு வயதில் ஒருவர், விளக்குக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறார்! வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

'குழந்தை' என்பது கல்லூரியில் படிக்கும் அக்காவின் பையன். பாட்டி ஸ்விட்சைத் தேடித் தடவக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தான். நடையில் ஆள் நடமாட்டத்தை உணரும் சிறிய சென்ஸர் ஒன்று. அது கூடத்திலுள்ள ஹப் என்ற பெட்டிக்குத் தகவல் சொல்லும். பெட்டி விளக்குக்குக் கட்டளையிடும். பகலில் நாங்கள் நடந்து பார்த்தபோது விளக்கு பளிச்சென்று எரிந்தது. "பார்த்தாயா, சித்தி? ஒரு கோளாறும் இல்லை!" என்றான். ராத்திரி இரண்டு மணிக்கு நானே எழுந்து நடந்து பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எட்டு எண்ணியபிறகுதான் வெளிச்சம் வந்தது. மறுமுறை வரவே இல்லை.

வாசகிகளே, செல்போனிலிருந்து விளக்கைப் போடுவதும், மின்விசிறியை நிறுத்துவதும், மோட்டாரை ஓடவிடுவதும் இன்று பல வீடுகளில் வந்துவிட்டன. வாங்கும்போது இருக்கும் உற்சாகம், அது தாமதம் செய்யத் தொடங்கினால் எரிச்சலாக மாறிவிடுகிறது. உடனே புதிதாக வேறொன்று வாங்குவதா, மெக்கானிக்கைக் கூப்பிடுவதா என்று யோசிக்கிறோம். அதற்கு முன்னால் உங்களை நீங்களே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா விளக்கும் தாமதிக்கிறதா, அல்லது ஒன்று மட்டுமா? எப்போதுமா, அல்லது குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமா? இன்டர்நெட் இல்லாதபோது வேலை செய்கிறதா, இல்லையா? பாதி நோய் இந்த மூன்று கேள்வியிலேயே பிடிபட்டுவிடும்.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. கம்பியில்லாமல் தொலைவிலிருந்து ஒரு மணியை அடிக்கச் செய்யலாம் என்பதை 1890-களிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் பலர் முன்னிலையில் செய்து காட்டியிருக்கிறார். நடுவே சுவர் இருந்தும் மணி அடித்தது. அன்று சுவரைத் தாண்டிய அலைக்கு இன்று நம் வீட்டு நடையைத் தாண்டுவதில் என்ன கஷ்டம்? கூட்டம்தான் கஷ்டம். வைஃபை, ஹப், ப்ளூடூத் முதலியவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வீதியில் நடக்கின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அதிலிருந்து கசியும் சிறு அளவு நம் உடம்புக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் ரூட்டருக்குத் தலைவலி கொடுக்கும். "பால் சுடவைக்கும்போது மட்டும் விளக்கு அடம் பிடிக்கிறது" என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

முதலில் இடத்தைப் பாருங்கள். அழகுக்காக ரூட்டரை டெலிவிஷனுக்குப் பின்னாலும், அலமாரிக்குள்ளும் ஒளித்து வைக்கிறோம். இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி அடித்துவிடும். மீன் தொட்டியில் உள்ள தண்ணீர் அதை விழுங்கிவிடும். ரூட்டர் வீட்டின் நடுவில், தலை உயரத்துக்குக் குறையாமல், திறந்த இடத்தில் இருக்கட்டும். ஹப்பை ரூட்டரோடு ஒட்டி வைக்காமல், இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். யு.எஸ்.பி. 3 வகை ஹார்ட் டிஸ்க் ஏதாவது அருகில் இருந்தால் அதையும் தள்ளிவிடுங்கள். அந்த வகை இணைப்பு இதே 2.4 வீதியில் இரைச்சல் கிளப்பக்கூடியது.

ஹப் இல்லாமல் நேராக வைஃபையில் சேரும் பிளக்கும் பல்பும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இன்றைய ரூட்டர்களில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 5 வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோனி. 2.4 நிதானமானது. ஆனால் தூரம் போகும். இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். புதிதாகச் சேர்க்கும்போது "கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை" என்று சொன்னால், உங்கள் செல்போனை 2.4-க்கு மாற்றிக்கொண்டு மறுபடி முயலுங்கள். அடுக்குமாடி வீடுகளில் அண்டை அயலார் ரூட்டர்களும் அதே வீதியில் கூச்சலிடும். ரூட்டர் அமைப்பில் 1, 6, 11 என்ற சானல்களே ஒன்றோடொன்று மோதாதவை. அந்த மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஹப் ஜிக்பீ வகையானால், வைஃபையை 1-லும் ஜிக்பீயை 25-லும் வைத்தால் இரண்டும் ஒதுங்கி நடக்கும். ஒன்று கவனம்: ஜிக்பீ எண்ணை மாற்றினால் சில சாதனங்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டிவரும். ஒரு விடுமுறை நாளில் செய்யுங்கள்.

இனி அக்கா வீட்டு மர்மத்துக்கு வருகிறேன். பகலில் சரியாக எரிந்த விளக்கு ராத்திரியில் மட்டும் ஏன் மக்கர் செய்தது?

சமையலறையில் இருக்கும் நீங்கள் வாசலில் நிற்கும் பால்காரரிடம் "இன்று அரை லிட்டர் போதும்" என்று சொல்ல வேண்டும். கூடத்தில் இருக்கும் பெண்ணிடம் சொல்கிறீர்கள். அவள் வாசலுக்குச் சொல்கிறாள். ஜிக்பீ சாதனங்கள் இப்படித்தான் ஒன்றிடமிருந்து ஒன்று சேதி வாங்கிக் கைமாற்றுகின்றன. ஆனால் கைமாற்றும் வேலையை மின்சாரத்தில் நேராக இணைந்த பல்பும் பிளக்குமே செய்யும். பாட்டரியில் ஓடும் சென்ஸர் செய்யாது. அக்கா வீட்டில் நடைக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு பீரோ, ஒரு குளியலறைச் சுவர். இரண்டையும் சுற்றிக்கொண்டு சேதியைக் கடத்தியது கூடத்து விளக்குதான்.

அத்தை ராத்திரி பத்து மணிக்கு என்ன செய்வார்? ஐம்பது வருஷமாகச் செய்ததைத்தான் செய்வார். எல்லாரும் படுத்தபிறகு, கரண்ட் வீணாகக்கூடாதென்று, கூடத்து ஸ்விட்சைச் சுவரில் அணைத்துவிட்டுப் போய்ப் படுப்பார். 'அணைக்காதே' என்று பையன் ஒட்டியிருந்த காகிதம் என்றோ உதிர்ந்துவிட்டது. ஸ்விட்ச் அணைந்ததும் பல்புக்கு மின்சாரம் இல்லை. சேதி கடத்த ஆளில்லை. நடையிலுள்ள சென்ஸர் சுவருக்கு இப்பால் நின்று மறுபடி மறுபடி கூவிக்கொண்டிருந்தது.

"பாட்டிதான் காரணம்!" என்று பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பாட்டி செய்தது சரி. வீட்டில் இருப்பவர் பழக்கத்துக்கு ஏற்றபடி சாதனத்தை வைக்காததுதான் தப்பு" என்றேன். அவன் கெட்டிக்காரன். சட்டென்று புரிந்துகொண்டான். மறு நாளே நாலு காரியம் செய்தான்.

ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால், யாரும் அணைக்காத பிளக் பாயிண்டில் ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் சொருகி, சேதி கடத்தும் வேலையை அதற்குக் கொடுத்தான். சென்ஸரின் பழைய பாட்டரியை மாற்றினான். (தாய்மார்கள் கவனிக்க: இந்தக் காசு வடிவப் பாட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புதியதோ பழையதோ, எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.) மூன்றாவதாக, 'ஆள் வந்தால் விளக்குப் போடு' என்ற கட்டளை இதுவரை இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அதை ஹப்பிலேயே முடியும்படி மாற்றினான். ரூட்டரிலிருந்து இன்டர்நெட் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டுச் சோதித்தோம். விளக்கு எரிந்தது! நீங்களும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

நாலாவதுதான் முக்கியமானது. நடை விளக்கின் ஸ்விட்சில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, எலெக்ட்ரீஷியனை அழைத்து, கையால் தட்டினாலும் எரியும், தானாகவும் எரியும் வகையை ஸ்விட்ச் போர்டுக்குள்ளேயே வைக்கச் செய்தான். அது கையால் செய்து பார்க்கும் வேலையல்ல. தெரிந்த ஆளிடம்தான் விடவேண்டும்.

கரண்ட் போய் வந்தபிறகு எல்லாம் செத்துக் கிடந்தால் பதறாதீர்கள். முதலில் ரூட்டரைப் போட்டு அதன் விளக்குகள் நிலைக்கும்வரை சில நிமிஷம் காத்திருங்கள். பிறகு ஹப். அதன்பிறகு மற்றவை. ஊசித் துவாரத்தில் இருக்கும் ரீசெட் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். செய்த ஏற்பாடு அத்தனையும் அழிந்துபோகும். ரூட்டருக்கும் ஹப்புக்கும் இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே குறையும். பாஸ்வேர்ட், எந்தச் சாதனம் எந்த இடம் என்பதையெல்லாம் வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் வெளியூர் போனபிறகு கைகொடுப்பது அந்தப் பக்கம்தான்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யுமா?" பல கம்பெனிகளின் சாதனங்கள் ஒன்றோடொன்று வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்வதற்காக 2022 அக்டோபரில் 'மேட்டர்' என்ற பொது ஏற்பாடு வெளியாயிற்று. அந்தக் குறி உள்ளதா என்று பார்த்து வாங்கினால் நல்லது.

நான் ஊருக்குக் கிளம்பும் முந்தைய ராத்திரி, அத்தை மோர் சாதம் சாப்பிட்டார். பிறகு, "இன்னும் அரை டம்ளர் தண்ணீர் கொடுடி" என்றார். அக்கா ஒன்றும் பேசாமல் முழு டம்ளராகக் கொடுத்தாள்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், இன்று ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு, அவர்கள் படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். காலையில் அவர்களையும் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.