பாடை மாத்தினா போதும்!

லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சிகரெட்டை விட்டுவிட்டு மின் சிகரெட்டுக்கு மாறினான். 'ரொம்ப சௌகரியம் மாமா' என்றான். அப்புறம் ஆரம்பித்தது புலம்பல்.

முதலில் வாங்கியது டேங்க் வைத்த ரகம். உள்ளே கம்பிச் சுருள், அதில் பஞ்சு. திரவத்தை ஊற்றி, பஞ்சு ஊறும்வரை காத்திருக்கணும். அவசரப்பட்டு இழுத்தால் பஞ்சு கருகித் தொண்டையில் தீபாவளி! சுருளை அடிக்கடி மாற்றணும், பாட்டரிக்குச் சார்ஜ் போடணும், சட்டைப் பையில் கசிவைத் துடைக்கணும்.

'பழைய ஸ்கூட்டர்கூட இவ்வளவு சர்வீஸ் கேட்காது மாமா!'

தூக்கி எறிகிற ரகத்துக்குத் தாவினான். 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் அதை விற்கவே தடை. கடைசியில் 'பாட்' ரகம். பட்டன் கிடையாது, இழுத்தால் தானே வேலை செய்யும். உள்ளே 2 மில்லி திரவம்.

'தீர்ந்தா பாடை மாத்தினா போதும் மாமா!'

'எந்தப் பாடைடா?' என்றேன். சிரித்தான். தீ இல்லாவிட்டாலும் நிகோடின் இருக்கிறதே!

தங்கை கல்யாணத்துக்கு வருகிறானாம். 'எடுத்துட்டு வரலாமா?' என்று கேட்டான். இந்தியாவில் 2019 சட்டப்படி இறக்குமதிக்கும் தடை; முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

'காலிப் பையோட வா. சார்ஜ் வேணாம், சுருள் வேணாம். அதைவிடச் சௌகரியம் ஏது?'

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, 'பத்து நாள் முடியுமா மாமா?' என்றான்.

பதில் சொல்வதற்கு முன், என் கையில் எரிந்துகொண்டிருந்ததை ஓசைப்படாமல் அணைத்தேன்.