முன் ஏர் போன வழி, பின் ஏர் போகக் கூடாது

ஆடி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ரோடு எங்களுக்குச் சொந்தமில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், திருவொற்றியூர் என்று வடசென்னையே பெரியபாளையம் பவானி அம்மனைப் பார்க்கக் கிளம்பி வரும். வேன், ஆட்டோ, குட்டியானை எல்லாம் வந்தாலும் எங்கள் கண்ணுக்கு அதிகம் தெரிவது பைக்தான். மூலக்கடை, மாதவரம், செங்குன்றம், சோழவரம், காரனோடை தாண்டி, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் இடதுபக்கம் திரும்பினால் கன்னிகைப்பேர் வழியாக அம்மன் வாசல். 40 கிலோமீட்டர் சொச்சம்தான்.

வியாசர்பாடியில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அதனால் இந்த பைக் கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். டியூக் வைத்திருக்கும் 22 வயசுப் பையன் ஒருத்தன். அப்பா காலத்து ஸ்ப்ளெண்டரில் வரும் சித்தப்பா. புல்லட்டில் ஒரு மாப்பிள்ளை. லைசென்ஸ் வாங்கி மூணு மாசம் ஆன தங்கச்சி ஸ்கூட்டியில், பின்னாடி அம்மா, அம்மா மடியில் பொங்கல் பானையும் விறகும். தெருவில் இருந்து ஒன்றாகக் கிளம்புவார்கள், கோயிலில் ஒன்றாக இறங்க வேண்டும் என்று நினைப்பார்கள். நடுவில் இருக்கும் 40 கிலோமீட்டரை யார் எப்படி ஓட்டுவது என்று மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

பேச வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மூணாவது ஞாயிறு. எங்கள் ஊர் வளைவு தாண்டி வைக்கோல் டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஆறு வண்டி. முதல் வண்டி சர்ரென்று டிராக்டரைத் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூணாவது மயிரிழையில் தப்பியது. நாலாவதாக ஒரு பெண் ஸ்கூட்டியில், பின்னாடி அவங்க அம்மா. எதிரே வந்த குட்டியானை பிரேக் அடித்தும் நிற்கவில்லை. அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு கையும். ஹெல்மெட் இருந்ததால் உயிர் பிழைத்தது. நாங்கள் வயலில் இருந்து ஓடி, தூக்கி, 108-க்கு போன் பண்ணி, வண்டி வந்து ஏற்றிப் போகிற வரைக்கும் முன்னால் போன பையன் திரும்பி வரவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. கோயில் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

அன்றைக்குக் கூடியிருந்த எங்கள் ஊர்ப் பெரிசுகள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "வேகம்." நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஸ்கூட்டி 50-க்கு மேல் போயிருக்காது. அந்தப் பெண் வேகமாகப் போகவில்லை, முன்னால் போனவனை நம்பிப் போனாள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிரே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நொடிக்கு 17 மீட்டர். டிராக்டர் 25-ல் போனால் நொடிக்கு 7 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி நொடிக்கு 24 மீட்டர் குறைகிறது. முதல் ஆள் வெளியே எடுக்கும்போது 250 மீட்டர் காலியாக இருந்தது என்று வையுங்கள். தாராளமாகத் தாண்டலாம். பின்னால் வருகிறவர்கள் இரண்டு இரண்டு நொடி விட்டு வந்தால், இரண்டாவது ஆளுக்கு 200 மீட்டர், மூணாவது ஆளுக்கு 150, நாலாவது ஆளுக்கு 100 சொச்சம். டிராக்டரையும் டிரெய்லரையும் தாண்ட 50-ல் போகிற வண்டிக்கு எப்படியும் ஐந்து நொடி வேண்டும். அந்த ஐந்து நொடியில் நம்ம வண்டியும் எதிர் வண்டியும் சேர்ந்து 150 மீட்டரைத் தின்றுவிடும். அப்புறம் நாலாவது ஆள் எங்கே போவது?

முதல் ஆள் தப்பே பண்ணவில்லை. ரோடு காலியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் போனான். ஆனால் அவன் பார்த்தது அவனுடைய ரோடு. நாலாவது ஆளுக்கு அந்த ரோடு இல்லை.

"முன் ஏர் போன வழியே பின் ஏர்" என்று எங்கள் பக்கம் ஒரு பழமொழி உண்டு. ஏர் பூட்டி உழுத காலத்தில் அது சரியான வார்த்தை. நாலு ஏர் வரிசையாகப் போனால், கை தேர்ந்தவன் முன்னால் போவான். புதுசாகக் கற்றுக்கொள்கிற பையன் அந்தச் சால் பார்த்தே பின்னால் ஓட்டுவான். வயலில் எதிரே யாரும் வர மாட்டார்கள், அதனால் அது செல்லும். ரோட்டில் அந்தப் பழமொழியைத் தலைகீழாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டமாகப் போகலாம், ஓவர்டேக் மட்டும் ஒவ்வொருவரும் தனியாக, தன் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். "அண்ணன் போயிட்டாரு, நானும் போறேன்" என்பதற்கு அங்கே இடமே இல்லை.

வண்டி வித்தியாசமும் இருக்கிறது. 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் விற்கிற புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அந்த விதி வந்தபோது, அதற்குக் கீழே உள்ள வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கிற அமைப்பு இருந்தால் போதும் என்று இருந்தது. அப்பா காலத்து ஸ்ப்ளெண்டரில் இரண்டுமே கிடையாது, டிரம் பிரேக்தான். டியூக் முன்னால் போய் நாய் குறுக்கே வந்ததென்று டக்கென நிறுத்திவிடுவான். அவனுக்கு ஒட்டினாற்போல வருகிற சித்தப்பா நிறுத்த முடியாமல் அவன் முதுகில்தான் நிற்பார். ஒரே கூட்டத்தில் ஓட்டுகிற கையும் வேறு, நிற்கிற தூரமும் வேறு.

இதில் எனக்கு ஞாபகம் வருவது சோழவரம். இன்றைக்கு வியாசர்பாடிப் பிள்ளைகள் அந்த ஊரைத் தாண்டிப் போகிறபோது அங்கே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அங்கே இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில்தான் பல வருஷம் கார் ரேஸும் பைக் ரேஸும் நடத்தியது. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகுதான் சோழவரம் அடங்கியது. ரேஸ் என்றாலே கண்மண் தெரியாத வேகம் என்று நினைக்கிறோம். ஆனால் ரேஸில் சிசி வாரியாகப் பிரிப்பார்கள், கொடி காட்ட ஆள் நிற்பான், எதிரே ஒரு வண்டி வராது. பந்தயத்துக்கே அவ்வளவு ஏற்பாடு. சாமி கும்பிடப் போகிற குடும்பத்துக்கு ஒரு ஏற்பாடும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வியாசர்பாடிப் பையன் பைக்கில் வந்தாலே "ரவுடிப் பசங்க, புள்ளிங்கோ" என்று பேசுகிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், உங்கள் அபார்ட்மென்ட்டிலும் இருப்பார்கள். அது அநியாயம். மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் நடுவில் தினமும் வேலைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்புகிற கை அது. மூலக்கடை டிராஃபிக்கில் என்னை ஓட்டச் சொன்னால் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துவிடுவேன். ஆனால் சிட்டிக் கை வேறு, கிராமத்து ரோட்டுக் கை வேறு. சிட்டியில் 30-ல் எல்லாமே பக்கத்தில் இருக்கும், பார்த்துப் பார்த்துப் போகலாம். இங்கே ரோடு காலியாகத் தெரியும், 70-ல் போவீர்கள். திடீரென்று வரப்பில் இருந்து மாடு ஏறும். டிராக்டர் டிரெய்லருக்குப் பின்விளக்கு இருக்காது. ஆடிக் கடைசியில் சொர்ணவாரி அறுவடை தொடங்கினால் பாதி ரோட்டில் நெல் காயும். அது சரியா தப்பா என்பது வேறு பதிவு. நெல்லின் மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

"அப்ப பைக்ல கூட்டமா வராதீங்க, பஸ்ல வாங்க" என்று சொல்வது சுலபம். ஆடி ஞாயிறு பஸ்ஸில் பொங்கல் பானையோடு ஏறிப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். ரயிலும் பெரியபாளையத்துக்குக் கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு பைக்தான் வண்டி. வரட்டும், முறையாக வரட்டும்.

முறை என்று நான் சொல்வது பெரிய வித்தை இல்லை. எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருவார்கள். நூற்றுக்கணக்கான வாத்து ரோட்டைக் கடக்கும். முன்னால் ஒருத்தர் வழி காட்டுவார். நல்ல அனுபவசாலி மட்டும் கடைசியில் நீளக் கழியோடு வருவார். நொண்டுகிற வாத்து, பின்தங்குகிற வாத்து எல்லாம் அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும். பைக்கிலும் அதேதான்.

நன்றாக ஓட்டத் தெரிந்த இருவரில் ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில். புதுசாக ஓட்டுகிறவர் முதல் ஆளுக்கு நேர் பின்னால். நம்ம வழக்கத்தில் புது ஆளைக் கடைசியில் விட்டுவிடுகிறோம். அதுதான் பெரிய ஆபத்து. முன்னால் போகிறவன் சிக்னலில் 40-ல் கிளம்பினால், கடைசி ஆள் எட்டிப் பிடிக்க 70-ல் வர வேண்டியிருக்கும். யாருக்குக் கை வராதோ அவரைத்தான் வேகமாக ஓட்ட வைக்கிறோம்.

ஐந்தாறு வண்டிக்கு மேல் ஒரு கூட்டம் வேண்டாம். பத்து வண்டி வந்தால் இரண்டாகப் பிரிந்து, பத்து நிமிஷம் விட்டு வாருங்கள். இரண்டு நொடி இடைவெளியில் பத்து வண்டி 60-ல் போனால் வரிசை 300 மீட்டர் நீளும். அதைத் தாண்ட நினைக்கிற லாரிக்காரன் நடுவில்தான் புகுவான்.

அகலமான ஹைவேயில் ஒருவர் வலது ஓரம், அடுத்தவர் இடது ஓரம் என்று மாறி மாறிப் போகலாம், முன்னாடி பார்வை கிடைக்கும். ஜனப்பன்சத்திரம் திரும்பியதும் ஒற்றை வரிசை. இரண்டு பேர் ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு ஓட்டுவது எங்குமே வேண்டாம்.

ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வர வேண்டும். காணவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். திருப்பம் வந்தால் பின்னால் வருகிறவர் கண்ணில் படுகிற வரை நின்று காட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இதை எல்லாரும் செய்தால் முதல் ஆள் வரைக்கும் செய்தி தானாகப் போய்விடும். அன்றைக்கு அந்தப் பையன் கோயில் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டான்.

என் மருமகனிடம் இதையெல்லாம் சொன்னபோது, "இன்னா மாமா நீ, டியூக்க வச்சிக்கினு கடைசியில வர சொல்ற? மானம் பூடும்" என்றான். நான் அவனுக்குத் தெரிந்த பாஷையில்தான் சொன்னேன். வியாசர்பாடி ஃபுட்பாலுக்குப் பேர் போன ஊர். கோல் கீப்பர் கடைசியில்தான் நிற்கிறான், மொத்த மைதானமும் அவனுக்குத்தான் தெரியும், "லெஃப்ட்ல பாரு, ஏறிப் போ" என்று கத்துகிறவனும் அவன்தான். டீமிலேயே மோசமான ஆளையா அங்கே நிறுத்துகிறீர்கள்? அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, பாப்பம்" என்றான். அது எங்கள் வீட்டில் சம்மதம் மாதிரி.

இன்னொரு பக்கம், மெதுவாக ஓட்டுகிறவருக்கும் மானம் இருக்கிறது. "என்னால முடியல, கொஞ்சம் மெதுவா போங்க" என்று சித்தப்பா சொல்ல மாட்டார், தங்கச்சியும் சொல்ல மாட்டாள். கிண்டல் பண்ணுவார்கள் என்ற பயம். அதனால் கிளம்புவதற்கு முன்னாடியே கேட்டுவிட வேண்டும்: "யாருக்கு ஹைவே புதுசு? யாருக்கு எந்த வேகம் சரிப்படும்?" அந்த வேகம்தான் எல்லாருக்கும் வேகம். பத்து நிமிஷம் லேட்டாகப் போனால் அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள்.

2022-ல் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்து, 17,884 சாவு. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதல். ஓட்டுகிறவர், பின்னாடி உட்காருகிறவர் இருவருக்கும் ஹெல்மெட் என்பதை நான் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கும் ஒன்று வாங்குங்கள், அவ்வளவுதான்.

விபத்தைப் பார்த்தால் நில்லுங்கள். உதவி செய்கிறவரைக் காப்பாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது, உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லிக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும். காசு கேட்பார்களே என்று யோசித்து நேரத்தை விடாதீர்கள்.

இந்த ஆடிக்கு வருகிறவர்கள் தெருவில் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்று பேசுங்கள். யார் முன்னால், யார் கடைசி, எந்த வேகம், எங்கே நிற்பது. மறக்காமல் கடைசி ஆளின் போன் நம்பரை முதல் ஆள் வாங்கிக்கொள்ளட்டும். தாகமாக இருந்தால் வழியில் எந்த வயலில் மோட்டார் ஓடுகிறதோ அங்கே நிறுத்தலாம், தண்ணிக்கு எங்கள் பக்கம் யாரும் காசு வாங்க மாட்டோம்.