தடித்த ஃபைல் தவளையின் பேரைச் சொல்லாது

அமெரிக்கப் பள்ளிகளில் சயின்ஸ் ஒலிம்பியாட் என்று ஒரு போட்டி உண்டு. 1980-களிலிருந்து தேசிய அளவில் நடக்கிறது. ஏதாவது கட்டுவது, வேதியியல் சோதனை செய்வது, விண்மீன்களைப் பற்றிப் படிப்பது என்று இருபதுக்கும் மேற்பட்ட பிரிவுகள். உயிரினங்களை அடையாளம் காணும் பிரிவும் ஒன்று இருக்கும். பறவை, பூச்சி, மரம் என்று சில வருடங்களுக்கு ஒருமுறை அதன் பாடம் மாறும். 2018, 2019 சீசன்களில் ஹெர்பெட்டாலஜி முறை. அதாவது பாம்பு, பல்லி, ஆமை, முதலை, தவளை, சாலமாண்டர் வகையறா.

இரண்டு பேர் ஒரு அணி. மேஜைக்கு மேஜை போக வேண்டும். ஒரு மேஜையில் புகைப்படம், இன்னொன்றில் மண்டை ஓடு, அடுத்ததில் ஆமை ஓடு, சில சமயம் தவளை கத்தும் ஒலிப்பதிவு. இது என்ன, எந்தக் குடும்பம், எங்கே வாழும், என்ன தின்னும் என்று கேள்விகள். இதில் ஒரு சலுகை: சொந்தக் குறிப்புகள் அடங்கிய ஒரு ஃபைலை, இரண்டு அங்குலத் தடிமனுக்குள், கையோடு கொண்டு போகலாம்.

வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு அங்குலம் என்று சொன்னால் இரண்டு அங்குலத்தையும் நிரப்பியே தீருவது என்று பிள்ளைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். விக்கிபீடியாவைத் திறப்பது, பத்தியை வெட்டுவது, ஒட்டுவது, பிளாஸ்டிக் உறையில் செருகுவது. அகர வரிசையில் கலர் கலராக டேப் வேறு. பார்க்க அம்சமாக இருக்கும். போட்டி அறையில் அது எதற்கும் உதவாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 நிமிடம், 20 மேஜை என்றால் மேஜைக்கு இரண்டரை நிமிடம். அதற்குள் விலங்கைப் பார்த்து, பெயர் எழுதி, மற்ற கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டும். அகர வரிசை ஃபைலில் ஒரு விலங்கைத் தேட வேண்டுமானால் முதலில் அதன் பெயர் தெரிய வேண்டும். கேள்வியே அந்தப் பெயர்தானே! பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை.

இந்தச் சிக்கலை ஒருவர் எப்போதோ தீர்த்துவிட்டார். ரோஜர் டோரி பீட்டர்சன் 1934-ல் வெளியிட்ட பறவைக் கையேட்டில், ஒன்றுபோல் இருக்கும் பறவைகளை ஒரே பக்கத்தில் அருகருகே வரைந்து, வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் சின்னக் கோடு போட்டுக் காட்டினார். அந்த வரிசையிலேயே ரோஜர் கோனன்ட் எழுதிய ஊர்வன, நீர்நில வாழ்வனவற்றுக்கான கையேடு 1958-ல் வந்தது. முழு வர்ணனையை விட "இதற்கும் அதற்கும் எங்கே வித்தியாசம்" என்ற ஒரு கோடுதான் அவசரத்துக்கு உதவும். குறிப்பெடுக்க உட்காரும் மாணவருக்கு வேண்டியதும் இதே புத்திதான். ஃபைலை விலங்குகளின் பெயர்படி அடுக்கக் கூடாது, குழப்பங்களின்படி அடுக்க வேண்டும்.

உதாரணத்துக்குத் தண்ணீரில் கிடக்கும் பெரிய சாலமாண்டர்களை எடுத்துக்கொள்வோம். ஹெல்பெண்டர், மட்பப்பி, சைரன், ஆம்ஃபியூமா என்று நான்கு. விக்கிபீடியா வழியில் போனால் எட்டுப் பக்கம். குழப்பத்தின் வழியில் போனால் நாலே வரி. வளர்ந்த பிறகும் கழுத்தோரம் செவுள் கொத்தாக வெளியே தெரிகிறதா? தெரிந்தால் மட்பப்பி அல்லது சைரன். அதில் பின்னங்காலே இல்லையென்றால் சைரன். வெளிச்செவுள் இல்லாமல், உடல் தட்டையாக, பக்கவாட்டில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் ஹெல்பெண்டர். விலாங்கு மாதிரி நீண்டு, இருக்கிறதா இல்லையா என்று தேடும்படி நான்கு குட்டிக் கால்கள் இருந்தால் ஆம்ஃபியூமா. கால் மட்டும் தெரியும் படம் வந்தாலும் பயமில்லை. பின்னங்காலில் ஐந்து விரல் என்றால் ஹெல்பெண்டர், நான்கு என்றால் மட்பப்பி.

தேரைகளுக்கு இன்னும் சுருக்கம். அமெரிக்கன் தேரையின் முதுகில் இருக்கும் பெரிய கரும்புள்ளிகளில் பெரும்பாலும் ஒன்று இரண்டு மருக்கள்தான் இருக்கும். ஃபவ்லர் தேரைக்கு ஒரு புள்ளிக்குள் மூன்றும் அதற்கு மேலும். புல்ஃபிராக், கிரீன் ஃபிராக் இரண்டில் எது என்று தெரியவில்லையா? கண்ணுக்குப் பின்னாலிருந்து முதுகின் இரு ஓரமும் நீளமாக ஒரு தோல் வரம்பு ஓடினால் கிரீன் ஃபிராக். அந்த வரம்பு செவிப்பறையைச் சுற்றி வளைந்து அங்கேயே முடிந்துபோனால் புல்ஃபிராக்.

பெயரை நம்பி ஏமாறும் கூட்டமும் உண்டு. 'ஹார்ன்ட் டோட்' என்பார்கள், அது தேரையே அல்ல, பல்லி இனம். 'கிளாஸ் லிஸார்ட்' காலில்லாமல் பாம்பு போலவே நெளியும், ஆனால் கண்ணிமையும் காதுத் துளையும் இருக்கும், பாம்புக்கு இரண்டுமே கிடையாது. 'காங்கோ ஈல்' என்று ஆம்ஃபியூமாவுக்கு ஒரு பட்டப்பெயர். அது காங்கோவிலும் இல்லை, ஈலும் இல்லை! இதற்கெல்லாம் தனியாக ஒரு தாள் போதும்.

பாம்புப் பக்கத்துக்கு வரும்போது விஷயம் மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. "கண்மணி பூனைக்கண் மாதிரி செங்குத்தாக இருந்தால் விஷப்பாம்பு, வட்டமாக இருந்தால் சாது" என்று ஒரு வரி ஃபைல் ஃபைலாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. கிழக்குப் பவளப்பாம்புக்குக் கண்மணி வட்டம். அது நாகப்பாம்பின் குடும்பம், கடித்தால் உயிருக்கு ஆபத்து. தவிர, இருட்டில் செங்குத்துக் கண்மணியும் விரிந்து வட்டமாகிவிடும். அதற்கும் மேலாக, பாம்பின் கண்மணி எந்த வடிவம் என்று தெரியும் அளவுக்குக் கிட்டே போகிறவன் ஏற்கெனவே தப்பான இடத்தில் நிற்கிறான். சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தால் விஷம் என்கிற வண்ணப் பாட்டும் அப்படித்தான். அமெரிக்காவின் பாம்புகளுக்கே பெரும்பாலும்தான் பொருந்தும். தென் அமெரிக்காவில் சிவப்பை ஒட்டிக் கறுப்பு இருக்கும் நிஜப் பவளப்பாம்புகள் இருக்கின்றன. ஃபைலில் எழுதும்போது "எந்த ஊருக்கு" என்ற சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும்.

காட்டன்மவுத் விஷப்பாம்பையும் தண்ணீர்ப்பாம்பையும் பிரிக்கும் பக்கத்துக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். காட்டன்மவுத்துக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பத்தை உணரும் ஒரு குழி இருக்கும், தண்ணீர்ப்பாம்புக்கு இராது. காட்டன்மவுத் நீந்தும்போது உடம்பு முழுக்க மேலே மிதக்கும். தண்ணீர்ப்பாம்பு பெரும்பாலும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு உடம்பை அமிழ்த்திப் போகும். குட்டிக் காட்டன்மவுத்தின் வால் நுனி மஞ்சள். இதெல்லாம் தெரியாமல்தான் ஓடைக்கரைகளில் ஒரு பாவமும் அறியாத தண்ணீர்ப்பாம்புகள் அடிபட்டுச் சாகின்றன. போட்டிக்காகப் படித்த பையன் அடுத்த கோடையில் அந்த ஓடைக்கரைக்குப் போகத்தான் போகிறான். அவன் மண்டையில் இருப்பது வெட்டி ஒட்டிய பத்தியா, சரியான வித்தியாசமா என்பது அப்போது பாம்புக்கும் முக்கியம், அவனுக்கும் முக்கியம்.

அடுத்து, படம் ஒட்டுவதில் ஒரு சோம்பேறித்தனம். ஒரு விலங்குக்கு ஒரு படம், அதுவும் வளர்ந்தது, அதுவும் பக்கவாட்டில். கிழக்கு நியூட்டுக்கு இது செல்லவே செல்லாது. முட்டையிலிருந்து வந்ததும் தண்ணீரில் செவுளோடு ஒரு உருவம். பிறகு கரையேறி, காட்டுத் தரையில் ஆரஞ்சுச் சிவப்பாகச் சில வருடங்கள். அதற்கப்புறம் மறுபடி தண்ணீருக்குத் திரும்பி ஆலிவ் பச்சை. மூன்றும் ஒரே விலங்கு. கேள்வித்தாள் தயாரிக்கிறவர் நடுவில் இருக்கும் ஆரஞ்சுக்காரனைத்தான் மேஜையில் வைப்பார், சந்தேகமே வேண்டாம்.

சீனியர் அண்ணன்களிடமிருந்து ஃபைலை வாங்கிக்கொள்வதும் பரவலான பழக்கம். நேரம் மிச்சம் என்று நியாயம் சொல்வார்கள். அதில் இரண்டு கேடு இருக்கிறது. ஒன்று, பெயர்கள் மாறிவிடுகின்றன. 2006-ல் ஒரு பெரிய ஆய்வு அமெரிக்கன் தேரையை பூஃபோ என்ற பேரினத்திலிருந்து அனாக்ஸிரஸுக்கு மாற்றியது. புல்ஃபிராக்கை ரானாவிலிருந்து லித்தோபேட்டஸுக்கு மாற்றியதும் அதுவே. இதில் புல்ஃபிராக்கை இன்னும் ரானா என்றே வைத்திருப்பவர்களும் உண்டு, ஆகவே போட்டிக்காரர்கள் தரும் பட்டியலில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் விடை. பழைய ஃபைலுக்கு இந்த விவரம் தெரியாது.

இரண்டாவது கேடு பெரிது. அண்ணனுக்கு எதில் குழப்பம் வந்ததோ அதைத்தான் அண்ணன் எழுதியிருப்பார். தம்பிக்கு வேறு இடத்தில் தடுக்கும். எட்டுப் படத்தைக் கலைத்துப் போட்டுப் பெயர் சொல்லிப் பார்த்து, தப்பான ஜோடியை மட்டும் எழுதி வைத்தால் அவனவன் ஃபைல் அவனவனுக்குத் தயாராகிவிடும். கூட்டாளியும் அதைச் செய்ய வேண்டும். "நீ தவளை, நான் பாம்பு" என்று பிரித்துக்கொள்ளும் அணிகளில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் பாதி உலகம் காணாமல் போகும் :-)

எத்தனை எழுதினாலும் தாளில் அடங்காத ஒரு ஜோடி உண்டு. சாம்பல் மரத்தவளை, கோப் சாம்பல் மரத்தவளை. கண்ணால் பார்த்துப் பிரிக்கவே முடியாது. முதலாவதற்குக் குரோமோசோம் 48, இரண்டாவதற்கு 24, அதை எந்த மேஜையிலும் எண்ண முடியாது. வழி ஒன்றுதான்: கோப் தவளையின் குரல் வேகமாக, கரகரவென்று அதிரும், மற்றது நிதானமாக, இனிமையாக இழுக்கும். வெப்பம் கூடினால் இரண்டுமே வேகம் பிடிக்கும் என்பது கூடுதல் தொல்லை. ஆகையால் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், மீதி நேரத்துக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு குரலையும் மாற்றி மாற்றிக் கேட்கலாம்.