உறைகிணறும் செங்கற்கிணறும்

முடிச்சூரில் எங்கள் தெருமுனையில் சென்ற வாரம் ஒரு லாரி வந்து சிமெண்டு உறைகளை உருட்டிவிட்டுப் போயிற்று; மழைநீரைப் பூமிக்குள் விடுவதற்காகக் குழி தோண்டிய ஆட்கள் அவற்றைக் கயிறு கட்டி ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவதை வாசற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சிந்துவெளி பெரிதா, வைகைக்கரை பெரிதா என்று டீக்கடை தோறும் நடைபெறும் வாதம் நினைவுக்கு வந்தது.

மூப்பைப் பற்றிய வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல அதிகப் பிரயாசை வேண்டியதில்லை. மொகஞ்சதாரோ செழித்திருந்தது கி.மு. 2600 முதல் 1900 வரை. வைகைக்கரையிலுள்ள கீழடிக்கு மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்த காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. இடையே கிடக்கும் 1300 ஆண்டுகளைப் பானைக் கீறல்களைக் கொண்டு இணைக்க முயல்வோர் முயலட்டும். நம் தரமணியிலேயே ரோஜா முத்தையா நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையம் சிந்து எழுத்தோடு பொறுமையாகப் போராடி வருகிறது. வயதுதான் பெருமையென்றால், 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவிக்கு முன் இரண்டுமே பச்சைக் குழந்தைகள்!

ஒப்பிட வேண்டியது, என் அபிப்பிராயத்தில், கிணறுகளை. மொகஞ்சதாரோவின் கொத்தன் ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய ஆப்புச் செங்கற்களை வட்டமாக அடுக்கினான். மண் எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவுக்குக் கற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். கீழடியிலோ அந்தக் காரியம் குயவன் கைக்குப் போயிற்று. சுட்ட மண் வளையங்களைச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மண் சரியாதபடி நிறுத்திவிட்டான். பிரச்சினை ஒன்று, யுக்தி இரண்டு. எங்கள் தெருவில் இறங்கியது குயவனுடைய யுக்தி. மண்ணுக்குப் பதில் சிமெண்டு, அவ்வளவுதான்.

மொகஞ்சதாரோவில் தலைமுறைக்குத் தலைமுறை தெருமட்டம் உயர உயர, கிணற்றுச் சுவரையும் உயர்த்திக் கட்டிக்கொண்டே வந்தார்கள். சுற்றியிருந்த மண்ணை அகழ்ந்தெடுத்தபின் அக்கிணறுகள் இன்று புகைபோக்கிகளைப் போல் நிற்கின்றன. நூற்றாண்டுகளில் அங்கு நேர்ந்தது எங்கள் தாம்பரம் பக்கத்தில் சில வருஷங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய சாலையைப் போடுவதால், படியேறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது படியிறங்கிப் போகிறோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூருக்குள் புகுந்தபோது தண்ணீரும் அதே படிகளில்தான் இறங்கியது. சிந்துவெளியாரின் சாக்கடைகளில் மூடிகளைப் பெயர்த்தெடுத்துச் சேற்றை அள்ள வழியிருந்தது. எங்கள் தெருக் கால்வாயின் மூடியைத் திறக்கக் கடப்பாரையும் நான்கு ஆட்களும் வேண்டும்.

கீழடி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், புறப்படுவதற்கு முன் அரைமணி நேரம் இப்படியொரு தெருமுனையில் அவர்களை நிறுத்தி, உறை இறக்கும் ஆளிடம் நாலு கேள்வி கேட்கச் சொல்லலாம். நான் ஒன்றுதான் கேட்டேன், ஏன் அடியில் சிமெண்டு பூசவில்லை என்று. ‘பூசினா தண்ணி எப்படி சாமி உள்ள போகும்?’ என்றார் அவர், கயிற்றை விடாமலே.