சாட்சியம் தீர்ப்பு ஆகாது

நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆயினும் அதில் பங்குகொண்ட ஒருவர் தம் நினைவுகளை எழுதிவிட்டால் போதும், ஆறியதாக எண்ணிய புண் மீண்டும் வாய் திறக்கிறது. 2012-ம் ஆண்டில் எழுத்தாளர் சினுவா அச்சபே பயாப்ராவைப் பற்றித் தம் நினைவு நூலை வெளியிட்டபோது அதுதான் நடந்தது. சில மாதங்களில், 2013 மார்ச்சில், அவர் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வி மறையவில்லை.

அச்சபே இபோ இனத்தவர். ஆப்பிரிக்க இலக்கியத்துக்கு உலக அரங்கில் இடம் தேடித் தந்தவர். போருக்கு முன் லாகோஸில் வானொலி நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தார். 1966-ம் ஆண்டு வன்முறையில் உயிருக்கு ஆபத்து நேரவே, குடும்பத்துடன் சொந்த மண்ணுக்குத் திரும்ப நேர்ந்தது.

அந்த வன்முறைக்கு ஆளானவர்கள் யார்? கானோ, கடுனா போன்ற வடபகுதி நகரங்களில் ரயில்வேயிலும் தபால் அலுவலகங்களிலும் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள், பள்ளிகளில் கற்பித்தவர்கள், கடை வைத்துப் பிழைத்தவர்கள். சொந்த நாட்டிலேயே "வெளியூர்க்காரர் குடியிருப்பு" என்ற பெயர் பெற்ற பேட்டைகளில் வாழ்ந்தவர்கள். 1966 ஜனவரியில் ராணுவ அதிகாரிகள் சிலர் செய்த புரட்சியில் வடபகுதித் தலைவர்கள் கொல்லப்பட்டனர். புரட்சியில் இபோ அதிகாரிகள் முன்னின்றார்கள் என்பதால் பழி முழுவதும் அந்த இனத்தின் தலையில் விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். லட்சக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ரயிலிலும் லாரியிலும் கிழக்கே ஓடினர். பிழைப்பைத் தேடிப் பிற மாநிலத்தில் குடியிருப்போருக்கு இந்தத் துயரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1967 மே 30-ம் தேதி ஒஜுக்வு தலைமையில் கிழக்குப் பகுதி பயாப்ரா என்ற தனி நாடாகப் பிரகடனம் செய்துகொண்டது. ஜூலையில் தொடங்கிய போர் 1970 ஜனவரி 15 வரை நீடித்தது. இறந்தவர்கள் 10 லட்சம் முதல் 30 லட்சம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் குண்டுக்குப் பலியானவர்கள் அல்ல, பசிக்குப் பலியானவர்கள். அதிலும் குழந்தைகளே அதிகம்.

விவாதத்தின் மையமும் இந்தப் பசிதான். போர்க்காலத்தில் நிதிப் பொறுப்பை வகித்தவர் யொருபா மக்களின் பெருந்தலைவர் அவலோவோ. அவர் தம் அதிகாரத்துக்காகவும் தம் இனத்தின் முன்னேற்றத்துக்காகவும் பட்டினியை ஆயுதமாக்கினார் என்று அச்சபே குற்றம் சாட்டினார். 1955-ல் மேற்குப் பகுதியில் இலவச ஆரம்பக் கல்வியைக் கொண்டுவந்தவர் என அவலோவோவைப் போற்றுவோர் கொதித்தெழுந்தனர். அனுப்பிய உணவைப் படைவீரர்களே பறித்துக்கொண்டதால்தான் நிறுத்த நேர்ந்தது என்று அவலோவோ 1983-ல் அளித்த விளக்கத்தை அவர்கள் எடுத்துக் காட்டினர். தரைவழியாக நிவாரணம் கொண்டுவர ஒஜுக்வு இணங்காததையும் சுட்டிக் காட்டினர். இபோ மக்களோ, போருக்குப் பிறகு வங்கியில் எவ்வளவு பணம் இருந்தாலும் தலைக்கு 20 பவுண்டு மட்டுமே தரப்பட்டதை நினைவூட்டினர்.

இவையெல்லாம் கேட்க வேண்டிய வாதங்கள். வருந்தத்தக்கது என்னவெனில், வாதம் விரைவிலேயே இனங்களுக்கிடையே ஏச்சாக மாறியதுதான். நூலைப் படித்தவர்களைக் காட்டிலும் படிக்காதவர்களின் குரலே ஓங்கி ஒலித்தது. போரைத் தடுக்க முயன்று சிறை சென்ற யொருபா எழுத்தாளர் வோலே சொயிங்காவும், அந்த நூல் அந்த விதத்தில் எழுதப்படாமல் இருந்திருக்கலாம் என்று பின்னர் கருத்துச் சொன்னார்.

அச்சபே நடுநிலையாளர் அல்ல. பயாப்ராவின் தூதராக நாடு நாடாகச் சென்று ஆதரவு கேட்டவர். அவர் சொல்வது ஒரு தரப்பின் சாட்சியம். ஒரு தலைவரின் உள்நோக்கத்தை அவர் அறுதியிட்டுக் கூறியதை ஆதாரம் கேட்டு மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அவர் கண்ட மரணங்களைப் பொய்யென்று சொல்லிவிட முடியாது. சாட்சியம் தீர்ப்பு ஆகாது. அதற்காகச் சாட்சியை விரட்டிவிட்டால் வழக்கு தீர்ந்துவிடவும் செய்யாது.

சாட்சியத்துக்குப் பதில் சாட்சியம்தான். பயாப்ரா எல்லைக்குள் அகப்பட்ட சிறுபான்மை மக்கள் பட்ட அவதியை ஒகோனி இனத்தவரான கென் சரோ-விவா 1989-ல் தம் போர் நினைவு நூலில் எழுதினார். அச்சபே சொல்லாத பக்கம் அங்கே கிடைக்கிறது. 2025-ல் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் பாபாங்கிடா தம் சுயசரிதையில், 1966 ஜனவரிப் புரட்சி இபோ இனத்தின் சதி அல்ல என்று எழுதினார். அவர் வடபகுதிக்காரர், போரில் அரசுத் தரப்பில் சண்டையிட்டவர். எந்தப் பழியைச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்களோ, அந்தப் பழி தவறு என்று மறுதரப்பிலிருந்தே ஒரு குரல் வர 59 ஆண்டுகள் ஆயின.

இவ்வளவு காலம் ஆனதற்கு அரசும் பொறுப்பேற்க வேண்டும். "வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை" என்று போர் முடிவில் கோவன் அறிவித்தது பெருந்தன்மையான வார்த்தை. ஆனால் விசாரணையும் இல்லை, கணக்கும் இல்லை என்பதே நடைமுறையில் அதன் பொருளாயிற்று. 1999-ல் அமைக்கப்பட்ட ஒபுடா கமிஷன் 1966 முதலான கொடுமைகளை விசாரித்து 2002-ல் அறிக்கை தந்தது. அதை அரசு முறைப்படி வெளியிடவே இல்லை. பள்ளிகளிலும் சில ஆண்டுகள் வரலாறு தனிப் பாடமாக இல்லாமல் போயிற்று. அரசு வாய் மூடிக்கொண்டால் நாவலாசிரியரின் நினைவே நீதிமன்றமாகிவிடுகிறது. அது அந்த எழுத்தாளருக்கும் தாங்க முடியாத சுமை, நாட்டுக்கும் நல்லதல்ல.

கமிஷன் அறிக்கையை வெளியிடுவதும், போர்க்கால ஆவணங்களை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடுவதும், மாணவர்களுக்கு எல்லாத் தரப்பையும் கற்பிப்பதுமே நைஜீரிய அரசு செய்ய வேண்டியது. கானோ ரயில் நிலையத்தில் உடைமையை விட்டுவிட்டு ஓடிய குமாஸ்தாவின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே நாட்டில்தான், அதே நகரங்களிலும்தான் வேலை தேடுகிறார்கள். தங்கள் பாட்டனுக்கு நேர்ந்தது என்ன என்பதை வதந்தியாக அல்லாமல் வரலாறாகத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.